ஊசிக்கணவாயின் ஆட்டுத் தடம்

பெஞ்சமின் கெட்டிக்கார சர்வேயர்தான். செங்கல்பட்டுக்குக் கிழக்கே ஊசிக்கணவாயையும் சுற்றியிருந்த காட்டையும் வரைபடமாக்கும் வேலை கம்பெனிக்கு வந்தபோது, ஓடை, பாறை, மேடு, பள்ளம் என்று எல்லாவற்றையும் அரை மீட்டர் பிசகாமல் எடுத்தான். பிசகியது ஒரே இடத்தில், அதுவும் வாயால்.

ட்ரோன் படத்தில் கணவாய்க்குள் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. கூட்டாளி நௌஷாத் அதன் மேல் விரலை வைத்தான்.

"இன்னா மச்சான் இது? வழி மாதிரி கீது. எந்த ஊர் ஜனங்க போறாங்கன்னு எழுதணுமே."

எழுதியிருக்கலாம். கணவாய்க்கு இந்தப் பக்கம் அவன் பிறந்த காலனி, அந்தப் பக்கம் காலனிக்காரர்களின் கல்லறைத் தோட்டம். பெஞ்சமினின் அப்பா சின்னையனை அடக்கம் பண்ணத் தூக்கிப் போனதும் அந்த வழியாகத்தான். ஆனால் கம்பெனியில் அவன், "எங்க வூடு அணுபுரம்" என்று பக்கத்து டவுன்ஷிப்பின் பெயரைச் சொல்லி வைத்திருந்தான். வேலைக்கு வந்த பத்து நாளும் காலனிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அதன் பெயரைச் சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேள்வி வருமே! நௌஷாத் அதையெல்லாம் பார்க்கிற ஆளே இல்லை. வெட்கத்துக்கு ஆள் பார்க்கத் தெரியுமா?

"ஆட்டுத் தடம்டா அது. வுடு."

ஆட்டுத் தடத்தை வரைபடத்தில் போடுவதில்லை. போடவில்லை.

அடுத்த வருஷம் அந்த வரைபடத்தைப் பார்த்துக் கணவாய்க்குக் குறுக்கே வனத்துறைக்காரர்கள் கம்பி வேலி அடித்தார்கள். இல்லாத வழிக்கு எதற்குக் கதவு? காலனி ஜனம் மனு கொடுத்தது. சர்வேயில் அது வெறும் ஆட்டுத் தடம் என்று பதில் வந்தது.

கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனான். அம்மா சந்திரம்மா வேலி வரைக்கும் நொண்டி நொண்டி வந்து, கம்பிக்கு இந்தப் பக்கமே மெழுகுவர்த்தி ஏற்றினாள். சுற்றிப் போனால் ஒன்பது கிலோமீட்டர், கடைசி மூன்றுக்கு வண்டி போகாது. காற்றில் திரி இரண்டு முறை அணைந்தது. பெஞ்சமின் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டான். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தையை அன்றைக்கு மாற்றிச் சொல்லியிருக்கக் கூடாதா?

"சர்வே பண்ணவன் மேல எனக்குக் கோவமில்லடா" என்றாள் அம்மா. "அவன் இன்னா பண்ணுவான், பாவம். வெளியூர்க்காரன். நம்ம புள்ள ஒருத்தன் கூட இருந்திருந்தா சொல்லியிருப்பான், இல்ல?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான்.

"ஆமாம்மா. வெளியூர்க்காரன்."