வெறுந்தட்டம் திரும்பாது

நஸீறாவின் தட்டம் வாசலுக்கு வந்தால் பெரிய மனிதர்களும் பின்வாசலைத் தேடுவார்கள். மூன்று மாதத்துக்கு முன்பு அப்படியில்லை. பூவேலை செய்த துணி போர்த்திய தட்டத்தோடு நாலு பெண்கள் படியேறினால், யார் வீட்டிலோ நல்ல காரியம், தித்திப்பான வட்டிலப்பம் வருகிறது என்று வீட்டுக்காரர் பல்லெல்லாம் தெரிய வரவேற்பார். "உங்கட சாமான் ஒண்டு ஆத்துல தவறிப் போயிட்டு. கொண்டு வந்திரிக்கம்" என்று நஸீறா தேனொழுகச் சொல்வாள். துணியைத் தூக்கினால், போன வெள்ளிக்கிழமை அவர் பாலத்தில் நின்று, ஊரார் ஆறு என்றே சொல்லும் வாவிக்குள் வீசிய குப்பைப் பொதி, சேறும் பாசியுமாக, அவருடைய கரண்ட் பில்லைத் தலையில் சூடிக்கொண்டு வீற்றிருக்கும்.

குப்பை லொறி கிழமையில் இரண்டு நாள்தான் வரும். பாலம் ஏழு நாளும் அங்கேயே நிற்கிறது. இதுதான் ஊரார் நியாயம். நஸீறா தலைவியாக இருக்கும் ஆற்றங்கரை மாதர் அமைப்பு மகஜர் கொடுத்துப் பார்த்தது. "வாவியைக் காப்போம்" என்று பதாகை கட்டிப் பார்த்தது. மறு கிழமை பதாகையே வாவியில் மிதந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு ஆத்திரம் போய்ப் புத்தி வந்தது.

புத்தியைக் கொண்டுவந்தவள் வாவிக்கு அக்கரையில் இருக்கும் படுவான்கரைச் சீதேவி. அவளும் புருஷனும் வாவியில் வலை போட்டுப் பிழைக்கிறவர்கள். இறால் வரவேண்டிய வலையில் அவர்களுக்குச் சொப்பிங் பேக் வந்துகொண்டிருந்தது. "இறாலெண்டாத் தோல உரிச்சுத் தின்னலாம் புள்ள. இத உரிச்சா உள்ளுக்கு இன்னொரு பேக்கெல்லுவா கிடக்கு" என்று சொல்லி, அன்று தோணியிலிருந்தே ஒரு பொதியைக் கரையில் கொட்டிக் காட்டினாள். கொட்டியதில் ஒரு பார்சல் சீட்டு இருந்தது. சீட்டில் பேர், வீதி, போன் நம்பர் எல்லாம் இருந்தன. குப்பையை எறிகிற அவசரத்தில் மனிதர்கள் தங்கள் பேரையும் சேர்த்தே எறிந்துவிடுகிறார்கள் என்று நஸீறாவுக்கு அப்போது விளங்கியது.

அந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பண்டம் வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒரு பிடி சீனியாவது இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் அனுப்புவார்கள். வெறுந்தட்டம் போனால் வீட்டுப் பரக்கத்தும் செழிப்பும் கூடவே போய்விடும் என்பார்கள். குப்பை வந்த தட்டமும் தட்டம்தானே. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் காது சிவக்கச் சிவக்கக் குப்பையை வாங்கி இறக்கிவிட்டு, பழக்கத்தை விட மனமில்லாமல் உள்ளே போய் ஒரு கிலோ சீனியைக் கொண்டுவந்து வைத்தார். அதன்பிறகு எல்லோரும் சீனிதான் வைத்தார்கள். மாதர் அமைப்பின் கூட்டங்களில் தேநீர் சீனிப்பாகு மாதிரி இனித்தது.

இதில் செயலாளர் நஸ்ஹாவுக்கு மட்டும் ஒரு கசப்பு. ஒரு பொதியில் அவளுடைய அண்ணனின் புடைவைக் கடை ரசீது வந்துவிட்டது. "எங்கட நானாக்கு மட்டும் வேணாம் ராத்தா, கடையில சனம் நிக்கும்" என்று கெஞ்சினாள். நஸீறா மசியவில்லை. "பேர் ஆருடயோ பொதி அவருக்குத்தான். நாளைக்கு என்ட பேர் வந்தாலும் கொண்டாங்க, தலையில வெச்சு வாங்குறன்" என்றாள். வாய்க்கொழுப்பு என்பது இதுதான். நஸ்ஹா அந்தப் பேச்சைக் கூட்டக் குறிப்பில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுக்கொண்டாள்.

நஸீறாவுக்கு ஒரே மகள், ரிப்கா. அவளுக்கு ஆதம்பாவா ஹாஜியாரின் மகன் றிஸ்வியைப் பேசியிருந்தது. ஏசி திருத்துகிற பையன், கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. பேச்சுத் தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்தே ரிப்கா போனில் சிரிக்கிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்டது. இந்தக் கலியாணம் தவறினால் பிள்ளை உடைந்துபோவாள் என்று நஸீறாவுக்குத் தெரியும். அதனால்தான் மாப்பிள்ளையின் உம்மா ஹாஜறாவை நினைத்து அவள் பயந்தாள். ஹாஜறா தோரணைக்காரி. பிறர் வீட்டுக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் எந்த நாட்டுப் பேர் இருக்கிறது என்று பார்க்கிறவள்.

முதல் மரியாதையாக அந்த வீட்டுக்கு அறுபது வட்டிலப்பம் அனுப்புவதென்று முடிவானது. மண்சட்டியில் அனுப்பத்தான் நஸீறா நினைத்தாள். ஆனால் ஹாஜறா மண்சட்டியைப் பார்த்து உதட்டைச் சுழிக்கிற காட்சி கண்ணுக்குள் வந்து வந்து போனது. கடைசியில் மூடியோடு அறுபது பிளாஸ்டிக் கோப்பை வாங்கினாள். அதோடும் நிற்கவில்லை. அச்சகத்துக்குப் போய், "நஸீறா இல்லம் – அன்புடன்" என்று பொன் எழுத்தில் ஸ்டிக்கர் அடித்து ஒவ்வொரு மூடியிலும் ஒட்டினாள். ஊரெல்லாம் பிளாஸ்டிக்குக்கு எதிராகக் கத்துகிறவள், "தடிச்ச பிளாஸ்டிக், கழுவித் திரும்பவும் பாவிக்கலாம்" என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

வட்டிலப்பம் போய் எட்டாம் நாள், ஞாயிறு பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வந்தார்கள். ஹாஜியார், ஹாஜறா, றிஸ்வி மூன்று பேரும் கூடத்தில் இருந்தார்கள். ரிப்கா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். ஹாஜியார் கேட்டதும் நஸீறா சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றினாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஸலாம் கேட்டது. நஸ்ஹா நின்றாள். அவள் கையில் பூவேலைத் துணி போர்த்திய தட்டம் இருந்தது. பின்னால், வீட்டில் விருந்தாளிகள் இருப்பதை எதிர்பாராத சீதேவி திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள்.

"நம்மட அமைப்புப் புள்ளையள்தான்" என்று நஸீறா பெருமையாகச் சொன்னாள். "நல்ல காரியமெண்டு கேள்விப்பட்டு ஏதும் கொண்டு வந்திரிப்பாங்க."

இனிப்பென்றால் ஹாஜறாவுக்குப் பொறுமை இராது. அவளே எட்டித் தட்டத்தை வாங்கி மடியில் வைத்துத் துணியைத் தூக்கினாள்.

சேற்று நாற்றம் கூடத்தை நிறைத்தது. கிழிந்த பைக்குள் பிளாஸ்டிக் கோப்பைகள். ஒவ்வொரு மூடியிலும் "நஸீறா இல்லம் – அன்புடன்". நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தும் ஒரு எழுத்துக்கூட உரியவில்லை. நல்ல பசை என்று அச்சகக்காரன் சொன்னது பொய்யில்லை.

"உங்கட சாமான் ஒண்டு ஆத்துல தவறிப் போயிட்டு ராத்தா" என்றாள் நஸ்ஹா. அவளுக்கு இவ்வளவு இனிமையான குரல் இருக்கிறதென்று அதுவரை யாருக்கும் தெரியாது.

நஸீறா செய்தது அறுபது கோப்பை. அறுபதும் போனது ஒரே வீட்டுக்கு. "இது உங்கட ஊட்டுக் குப்பை" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் மானம் தப்பும். கலியாணம் அந்த இடத்திலேயே முறியும். அவள் ஹாஜறாவைப் பார்த்தாள். ஹாஜறா தலையை நிமிர்த்தி, மின்விசிறியில் எத்தனை தகடு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றுதான் இருந்தது, ஆனாலும் எண்ணி முடியவில்லை. திரைச்சீலை இலேசாக ஆடியது.

"ஓம்" என்றாள் நஸீறா. "பேர் என்ட பேர்தான். தாங்க."

 அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அதிபரும் புடைவைக் கடைக்காரரும் இப்படித்தானே நின்றிருப்பார்கள் என்று இப்போதுதான் உறைத்தது. அவர்களைப் பார்த்துத் தான் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்தது.

ஹாஜறா வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். தப்பிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அவளுக்கு நாக்கு நீண்டது. "குப்பைய ஆத்துல போடுற நல்ல பழக்கமா சம்மந்தி? அந்த மீனத்தானே நாமளும் திங்கிற? அதுவும் ஒரு அமைப்புக்குத் தலைவியா இருந்துக்கிட்டு" என்றாள். சீதேவி வாயைத் திறந்தாள். நஸீறா வேண்டாமென்று கண்ணைக் காட்டினாள்.

றிஸ்வி எழும்பினான். "போதும் உம்மா." அவன் முகம் வியர்த்திருந்தது. "மாமி, அது நான் போட்டது. கடைக்குப் போகக்குள்ள உம்மா கட்டித் தந்தா. பைக்க நிப்பாட்டாமலே பாலத்தால எறிஞ்சிட்டுப் போனன்."

 அவன் ஹாஜறாவின் மடியிலிருந்த தட்டத்தை எடுத்தான். பொதியைத் தூக்கிக் கீழே இறக்கி வைத்துவிட்டு, வெறுந்தட்டத்தோடு நின்றான். அதற்குள் எதையாவது வைத்துத்தான் திருப்ப வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். "இதுக்கு என்ன வெக்கிற?" என்று கேட்டான்.

"எல்லாரும் சீனிதான் தம்பி வெச்ச" என்றாள் சீதேவி. "சீனி எங்களுக்குத் தாராளமாக் கிடக்கு. பொறுக்கிறதுக்கு ஆள்தான் காணாது."

"அப்ப நான் வாறன். ஞாயிற்றுக்கிழமையில தோணி எத்தின மணிக்கு?"

ஹாஜறாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "என்ட புள்ளைய ஆத்துல குப்ப பொறுக்க வெக்கவா இஞ்ச வந்தம்?"

ஹாஜியார், "நம்மட ஊருல மாப்புள பொண்டாட்டி ஊட்டுக்குத்தானே போறான்" என்றார். "போற ஊட்டுச் சட்டத்த இப்பவே பழகட்டுமே."

ஹாஜறா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மடியிலிருந்த சேற்றைத் தட்டிக்கொண்டு எழும்பி நடந்தாள். நாள் குறிக்கவில்லை. நாட்காட்டி நஸீறாவின் கையிலேயே இருந்தது.

றிஸ்வி சொன்ன சொல் தவறவில்லை. மூன்று ஞாயிறு சீதேவியின் தோணியில் போய்ப் பொதி பொறுக்கினான். முதல் நாள் தண்ணீரில் விழுந்தான், இரண்டாம் நாள் வெயிலில் முகம் கறுத்தான், மூன்றாம் நாள் துடுப்புப் பிடிக்கப் பழகினான். ஹாஜறாவிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. ரிப்கா சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பினாள். போன் சிரிப்பும் நின்றுபோனது. அந்த அமைதி நஸீறாவை வதைத்தது. தான் போட்ட சட்டம் தன் பிள்ளையின் தலையில் விழுந்ததே என்று அவள் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதாள்.

மூன்றாம் ஞாயிறு ரிப்கா குசினி வாசலில் வந்து நின்றாள். "ஊரெல்லாத்துக்கும் தட்டம் அனுப்பினீங்க உம்மா. எனக்காக ஒண்டு அனுப்ப மாட்டீங்களா?"

நஸீறா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் இந்த மூளையை வீட்டில் வைத்துக்கொண்டுதானா கவலைப்பட்டோம் என்றிருந்தது.

அன்றைக்கே ஒரு மண்சட்டி நிறைய வட்டிலப்பம் வைத்தாள். ஸ்டிக்கர் இல்லை. நாட்காட்டியில் அடுத்த மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றைக் கிழித்துச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து, பூவேலைத் துணியைப் போர்த்தினாள். கொண்டுபோகும் வேலையை நஸ்ஹாவிடமே கொடுத்தாள். நஸ்ஹாவுக்கும் இதற்குள் மனம் ஆறி, குற்ற உணர்ச்சி தொட்டிருந்தது. மறுபேச்சுப் பேசாமல் போனாள்.

அங்கே நடந்ததை அவள் திரும்பிவந்து மூச்சு வாங்கச் சொன்னாள். தட்டத்தைக் கண்டதும் ஹாஜறா முதலில் யன்னலைச் சாத்தினாளாம். பிறகு கதவை அரைவாசி திறந்து, அகப்பைக் காம்பால் துணியைத் தூக்கிப் பார்த்தாளாம். வட்டிலப்பத்தைப் பார்த்தாள், நாட்காட்டித் தாளைப் பார்த்தாள், கதவின் மற்றப் பாதியையும் திறந்தாள்.

"தட்டம் இரிக்கட்டும், பொறகு அனுப்புறன் எண்டா ராத்தா. நான் கதிரையில இருந்துட்டன். இல்ல மாமி, இருந்து வாங்கிட்டே போறன் எண்டன். அரை மணித்தியாலம். அவ குசினிக்குள்ள போறதும் வாறதும்தான். தட்டத்தத் தூக்குறதும் வெக்கிறதும்தான். ஹாஜியாரும் மகனும் வாசல்ல நிண்டு பாக்கிறாங்க."

வெறுந்தட்டத்தை அனுப்ப ஹாஜறாவுக்குக் கை வரவில்லை. அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தானே.

நஸீறா துணியைத் தூக்கினாள். தட்டத்தில் ஐந்து பை சீனி இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு கிலோ. நாட்காட்டித் தாளைக் காணவில்லை. அதை ஹாஜறா எடுத்து வைத்துக்கொண்டாள். ரிப்கா அந்த இடத்திலேயே உம்மாவைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். நஸீறாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அப்புறம்தான் அவள் கண் சீனியில் இருந்து பைக்குப் போனது. ஐந்தும் பொலித்தீன் பை. அவள் வாயைத் திறந்தாள்.

"உம்மா" என்றாள் ரிப்கா. "கலியாணம் முடியட்டும்."

நஸீறா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மூன்று மாதத்துப் பழக்கம் கையை விடுமா? ஒவ்வொரு பையாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பேர் தேடினாள். ஐந்து பையிலும், கடைச் சீட்டு ஒட்டியிருந்த இடம் கத்தியால் சுத்தமாகச் சுரண்டப்பட்டிருந்தது.