தங்கைக்காகச் சொன்ன ஜெபம்

ஜெபக்கா ஜெபிக்க ஆரம்பித்தால் தலைக்குமேல் சுற்றும் மின்விசிறிகூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு. பெண்கள் கூட்டத்தில் எல்லாரும்தான் ஜெபிப்பார்கள். ஒருத்தி முணுமுணுப்பாள். ஒருத்தி பாதியில் விட்டுவிட்டு மூக்கை உறிஞ்சுவாள். இன்னொருத்தி, ஆண்டவருக்கு விவரம் போதாது என்பதுபோல, மகனுக்குக் காய்ச்சல் எப்போது வந்தது, எந்த டாக்டர் என்ன மருந்து கொடுத்தார் என்று ஒப்பிப்பாள். ஜெபக்கா அப்படியில்லை. தாழ்வாகத் தொடங்கி, மெல்ல ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, கல்நெஞ்சக்காரியையும் கண் கலங்க வைத்துவிட்டுத்தான் இறங்குவாள். அந்தக் குரல்தான் அவளுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது. வேலை பார்க்கிற சலவைக்கூடத்திலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காது என்று சொல்லிக்கொள்வாள், அது வேறு விஷயம்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாய் அவளை நன்றாகவே பிழைக்க வைத்தது. அடி வாங்கியது அவள் தங்கை.

அக்காவுக்கும் தங்கைக்கும் வேலை ஒரே இடத்தில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். துவைக்கிற இயந்திரங்கள் ஒரு பக்கம், உலர்த்துகிற இயந்திரங்கள் எதிர்ப்பக்கம், நடுவில் நீள மேஜை. கட்டில் விரிப்புகளை மடிப்பது இவர்கள் பொறுப்பு. ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை அது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிரே நின்று உதற வேண்டும். நீளவாக்கில் மடிக்க வேண்டும். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அக்கா பிடித்திருக்கும் முனைகளைத் தங்கை வாங்கிக்கொள்வாள். கை காலியானதும் அக்கா குனிந்து, கீழே தொங்குகிற மடிப்பைத் தூக்கிக் கொடுப்பாள். இயந்திர இரைச்சலில் எட்ட நின்று பேசினால் ஒன்றும் காதில் விழாது. அதனால் பேச்செல்லாம் கிட்டே வரும்போதுதான். விலகும்போது பேச்சு நிற்கும், அடுத்த விரிப்பில் தொடரும். மாமியார் கதை, மளிகைக் கதை எல்லாமே அவர்களுக்குள் இப்படித் துண்டு துண்டாகத்தான் ஓடியது.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை தங்கை கிட்டே வந்தாள். அக்காவின் கண்ணைப் பார்க்கவில்லை.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

விலகினார்கள், அடுத்த விரிப்பை உதறினார்கள், மறுபடி கிட்டே வந்தார்கள்.

"எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது."

"தூக்கம் சரியா இருக்காது" என்றாள் அக்கா.

அடுத்த விரிப்பு.

"தூக்கமெல்லாம் நல்லாத்தான் வருது. முட்டி போட்டா ஒரு வார்த்தை வரல. சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. ரொம்ப நாளாவே இப்படித்தான். சர்ச்ல எல்லாரும் ஜெபிக்கும்போது நான் சும்மா வாயசைக்கிறேன்க்கா."

"ஏன்டி, என்ன ஆச்சு? வீட்ல ஏதாவது..."

"ஒண்ணும் ஆகல. அதுதான் பயமா இருக்கு. ஏதாவது ஆகியிருந்தா அதனாலதான்னு சொல்லிக்கலாம்ல."

இன்னொரு விரிப்பு வந்தது.

"ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்குக் கதை சொல்றேன் பாரு, அப்ப மட்டும் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு. அதுங்க கேக்குற கேள்விக்குப் பதில் தேடணும்னாவது வேதத்தைத் திறக்கிறேன். அதுவும் போச்சுன்னா நான் அவ்வளவுதான். யார்கிட்டயும் சொல்லிடாதக்கா."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? உனக்காக ஜெபிக்கிறேன்டி."

இந்த 'ஜெபிக்கிறேன்' இருக்கிறதே, விசுவாசிகளின் வாயில் இதைவிடச் சுலபமாக வருகிற சொல் வேறில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போகலாம். ஜெபக்கா அப்படிப் போகிற போக்கில் சொன்னவள் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். தங்கையின் முகம் அவளோடேயே வந்தது. பாத்திரம் தேய்க்கும்போதும், பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் தங்கையின் நினைப்புத்தான். வறண்ட நிலம், அடைபட்ட ஊற்று என்று வார்த்தைகள் தாமாக வந்து வரிசையில் நின்றன. எவ்வளவு பாரமாக இருக்கிறது நெஞ்சு என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பெண்கள் கூட்டம் போதகர் வீட்டு முன்னறையில் நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகளை நெருக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். போதகரின் மனைவி, "மனசுல பாரம் இருக்கிறவங்க இன்னிக்கு இறக்கி வைங்க" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல ஜெபக்காவின் பக்கம் திரும்பினார்.

ஜெபக்கா கண்ணை மூடினாள். பெயர் சொல்லக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். 'என் உடன்பிறந்தவள்' என்றுதான் சொன்னாள். அவளுக்கு உடன்பிறப்பென்று இருப்பதே ஒரே ஒரு தங்கை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? வறண்ட நிலம் வந்தது, அடைபட்ட ஊற்று வந்தது, வெறும் உதடுகளை அசைக்கிறவளின் வேதனை வந்தது. யாரோ விம்மினார்கள். ஜெபம் ஏறிக்கொண்டே போனது. உச்சியில் வைக்க ஒன்று வேண்டியிருந்தது.

"எந்த மறைவான பாவம் அவளுக்கும் உமக்கும் நடுவே சுவராக நிற்கிறதோ, அதை இடித்துப்போடும் தகப்பனே!"

"ஆமென்!" என்று முழங்கினாள் ஆமென் அத்தை. வேண்டிய இடத்திலும் வேண்டாத இடத்திலும் ஆமென் சொல்கிற மனுஷி அவள். அன்றைக்கு இடம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

தங்கை பாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. கைக்கு அகப்பட்டதை எடுத்து ஜெபக்கா உச்சியில் வைத்தாள், அவ்வளவுதான். கூட்டம் முடிந்து எல்லாரும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இறக்கி வைத்த நிம்மதியோடு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. சபை வாயோ ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பேசுகிற வாய். அதைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. "அந்தப் பிள்ளைக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று ஆரம்பித்து, "ஏன், என்னவாம்?" என்று வளர்ந்து, என்ன பாவமாக இருக்கும் என்று ஆளுக்கொரு யோசனையில் போய் நின்றது. ஞாயிற்றுக்கிழமை தங்கை சபைக்குள் நுழைந்தபோது முன்பின் பேசாதவர்கள்கூட அவள் தோளைத் தடவி, "தைரியமா இரும்மா, பாவத்தை அறிக்கை செஞ்சா அவர் மன்னிப்பார்" என்றார்கள். அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

போதகர் நல்ல மனிதர்தான். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் ஓய்வா இருங்க. முதல்ல நீங்க நிரம்பணும், அப்புறந்தானே பிள்ளைங்களுக்கு ஊத்த முடியும்?" என்றார். வகுப்பை வேறொருத்தியிடம் கொடுத்தாயிற்று. தங்கை திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வகுப்பு வாசலிலிருந்து ஒரு சின்னப் பெண் ஓடி வந்தது.

"டீச்சர், எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா ஆண்டவருக்குக் காது வலிக்காதான்னு கேட்டேனே, இந்த வாரம் சொல்றேன்னீங்களே?"

தங்கை அந்தப் பிள்ளையின் தலையைத் தடவி உள்ளே அனுப்பிவிட்டு, முன்வரிசையில் இருந்த அக்காவைப் பார்த்தாள். ஜெபக்கா திரும்பவில்லை. முதுகில் அந்தப் பார்வை இருப்பது தெரிந்தும் திரும்பவில்லை.

மறுநாள் தங்கை சூப்பர்வைசரிடம் கேட்டு இஸ்திரிப் பக்கம் மாறிக்கொண்டாள். ஜெபக்காவுக்கு ஜோடியாக வந்தவள் நெட்டையான ஒருத்தி. அவள் முனைகளை எட்டாத உயரத்தில் பிடிப்பாள், ஜெபக்கா எக்கி எக்கிக் கொடுப்பாள். ஒரு விரிப்பும் நேராக மடியவில்லை. நல்லவள், ஆனால் வாயைத் திறந்தால் கால்வலி ஒன்றைத்தான் பேசுவாள்.

தேநீர் வேளையில் ஜெபக்கா தங்கையைத் தேடிப் போனாள். இஸ்திரி போட்ட துணிகளை அடுக்குகிற அலமாரிக்குப் பின்னால் அவள் தனியாக நின்றிருந்தாள்.

"நல்லதுக்குத்தான்டி செஞ்சேன். என்னால தாங்க முடியல, உன் பாரம்."

தங்கை டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வீட்ல அவரு கேக்குறாரு, 'ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியாம அப்படி என்ன பண்ணுன?'ன்னு. நான் என்னக்கா சொல்லட்டும்?"

"அது வந்து... ஒரு வேகத்துல வாயில வந்துடுச்சு."

"சரி. ஒண்ணு மட்டும் கேக்குறேன். நீ எனக்காக ஜெபிச்சியா?"

"என்னடி கேள்வி இது? புதன்கிழமைதான்..."

"புதன்கிழமைய விடு. அதுக்கு முன்னாடி. உன் ரூம்ல. தனியா. ஒரு தடவையாவது?"

ஜெபக்கா வாயைத் திறந்தாள். திங்கள் ராத்திரி? வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். செவ்வாய்? பேருந்தில் நின்றபடி அடைபட்ட ஊற்றை எங்கே வைப்பதென்று பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையைப் பற்றி அந்த இரண்டு நாளும் யோசித்ததெல்லாம் உண்மை. யோசித்ததெல்லாம் கூட்டத்துக்காகத்தான் என்பதும் உண்மை. ஆண்டவரிடம் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டாள். தங்கைக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"சபை முன்னாடி எந்திரிச்சு மன்னிப்புக் கேட்டுடறேன்டி" என்றாள் கடைசியில். "அந்தப் பாவம்னு சொன்னதெல்லாம் நானாச் சேர்த்ததுன்னு சொல்லிடறேன்."

"வேண்டாம்க்கா. அதையும் நீ நல்லா பண்ணிடுவ. எல்லாரும் அழுவாங்க."

தங்கை அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஜெபக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சபை முன்னால் வேண்டாமென்றால் போதகரிடமாவது சொல்லலாமே என்று போனாள். பூசி மெழுகாமல் சொன்னாள்: பாவம் ஒன்றும் இல்லை, அது என் வாய்க்கொழுப்பு, வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள். போதகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தங்கச்சியை விட்டுக் கொடுக்காம பழியெல்லாம் உங்க மேலயே போட்டுக்கிறீங்க பாருங்க, இதுதான் அன்பு" என்றார். அன்றைக்கு அவள் அழகாகச் சொன்ன பொய்யை நம்பியவர்கள், இன்றைக்கு மொட்டையாகச் சொன்ன மெய்யை நம்பவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டதாவது அந்தத் தவளை மட்டும்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் வருவதற்கு முன் ஜெபக்கா அறைக் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். கட்டிலோரம் முட்டி போட்டாள். தாழ்வாகத் தொடங்கினாள். ஏறினாள். உச்சியில் ஒரு கணம் நின்றாள், காதைத் தீட்டிக்கொண்டு. அப்போதுதான் அவளுக்குத் தான் எதற்காக நிற்கிறோம் என்று உறைத்தது. ஆமென் அத்தையின் ஆமெனுக்காக நின்றாள்.

வெட்கத்தில் முகம் சுட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஏற்றம் வேண்டாம், இறக்கம் வேண்டாம், நிலம் வேண்டாம், ஊற்று வேண்டாம், சும்மா பேசலாம் என்று பார்த்தாள். "ஆண்டவரே, என் தங்கச்சி..." அதற்குமேல் ஒன்றும் இல்லை. கேட்க நாலு பேர் இருந்தால் கொட்டுகிற வாய், கேட்க ஒருவர் மட்டும் இருக்கிற இடத்தில் கட்டிப்போய்விட்டது. எதிரே சுவர்தான் இருந்தது. தங்கை சொன்ன சுவர்.

அடுத்த புதன்கிழமை போதகரின் மனைவி அவள் பக்கம் திரும்பியபோது, "இன்னிக்கு வேற யாராவது ஜெபிங்கம்மா" என்றாள். அடுத்த வாரமும் அதே. என்ன தாழ்மை பார்த்தாயா என்று ஆமென் அத்தை பக்கத்தில் இருப்பவளிடம் கிசுகிசுத்தது நன்றாகவே காதில் விழுந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் இஸ்திரிப் பக்கத்து உருளை இயந்திரம் ஏதோ தீய்ந்த வாடையோடு நின்றுபோனது. அங்கிருந்தவர்களையெல்லாம் சூப்பர்வைசர் மடிப்பு மேஜைக்கு விரட்டினார். நெட்டைக்காரி கால்வலி என்று லீவு. ஜெபக்கா விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். மறுபக்கம் தங்கை வந்து குனிந்து, தரையில் கிடந்த மற்ற இரண்டு முனைகளை எடுத்தாள்.

உதறினார்கள். மடித்தார்கள். நடந்து வந்தார்கள். எத்தனையோ விரிப்புகள் அப்படியே போயின. ஒன்றும் பேசவில்லை. முனைகள் மட்டும் ஒன்றோடொன்று கச்சிதமாகச் சேர்ந்தன.

பிறகு ஒரு தடவை கிட்டே வந்தபோது ஜெபக்கா சொன்னாள்: "எனக்கும் வரலடி."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். விலகினார்கள். உதறினார்கள்.

"தனியா உட்கார்ந்து பார்த்தேன். உனக்காகத்தான். ஒரு வார்த்தை வரல. இத்தனை வருஷமும் வந்ததெல்லாம் என்னன்னே தெரியல."

அடுத்த விரிப்பை அவளேதான் எடுத்து ஒரு பக்கத்தை அக்காவிடம் நீட்டினாள். இருவரும் விலகி, உதறி, மடித்து, மெதுவாக நடந்து கிட்டே வந்தார்கள்.

"பயப்படாதக்கா" என்றாள் தங்கை. "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

சொல்லிவிட்டு அக்காவின் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டாள். இனி அக்கா குனிந்து, தொங்குகிற மடிப்பைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். ஜெபக்கா குனிந்தாள். நிமிர அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. தங்கை விரிப்பைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.