போனை அவங்ககிட்ட குடுங்க

அன்றைய ஷிப்டுக்குப் போட வேண்டிய சட்டையின் காலரை அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா. அவருக்குப் பின்னால், ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டபடி ஓர் இளைஞனும் அவன் மனைவியும் நின்றிருந்தார்கள்.

"அஞ்சு நிமிஷம்தாம்மா. வீடு பாக்க வந்திருக்காங்க."

"எந்த வீடு?"

வீட்டுக்கார அம்மா சிரித்தார். "எந்த வீடா? நல்லா கேட்ட போ. நீங்க காலி பண்றீங்கன்னு உன் வீட்டுக்காரர் போன வாரமே வந்து சொல்லிட்டாரே. இப்பலேருந்தே ஆள் பாத்துக்கோங்கன்னு அவர்தான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். "ஏம்மா, உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. வாங்க, உள்ள வாங்க."

குரல் தானாக வந்தது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வருஷக்கணக்காகப் பேசிப் பேசித் தேய்ந்து வழவழப்பாகிவிட்ட குரல். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார், பையன் எதையோ குடித்துவிட்டான், மோட்டார் சைக்கிளும் லாரியும் மோதிக்கொண்டன என்று ஊரே அந்தப் பக்கம் அலறும். இந்தப் பக்கம் இவள், பதட்டப்படாதீங்க, எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க என்பாள். இன்றைக்கு அதே குரல் அவளுக்கே எதிராக வேலை செய்தது. கத்த வேண்டிய வாய், வாங்க வாங்க என்றது.

வீட்டைச் சுற்றிக் காட்டினாள். நன்றாகவே காட்டினாள். மழை பெய்தால் குளியலறைக் கதவு உப்பிக்கொள்ளும், தோளால் முட்டித்தான் திறக்க வேண்டும். படுக்கையறையில் அந்த மூலையில் கட்டிலைப் போடாதீர்கள், சுவர் ஈரம் கோர்க்கும். அடுக்களை ஜன்னலுக்குக் காலை வெயில் நேராக வரும், துணி போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். இளைஞன் டிவியை எங்கே மாட்டலாம் என்று சுவரைத் தட்டிப் பார்த்தான். அவன் மனைவி இஸ்திரி மேசைமேல் கிடந்த சட்டையின் கைப்பட்டையில் இருந்த ஆம்புலன்ஸ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா காலி பண்றீங்க? நல்ல வீடாத்தானே இருக்கு."

"அவருக்கு வேற மாநிலத்துல வேலை."

"அப்ப உங்க வேலை? அங்கயும் ஆம்புலன்ஸ் இருக்குமில்ல?"

"இருக்கும். ஆனா நான் பேசுறது அங்க யாருக்கும் புரியாது."

அந்தப் பெண் லேசாகச் சிரித்தாள். போகும்போது, "மன்னிச்சுக்கோங்கக்கா" என்றாள். எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசையில் நடந்த கூத்தை நினைத்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "சரி, பேசலாமா?" என்பான் அவள் கணவன். வலது கை சாதகம், இடது கை பாதகம். குளிர்பதனக் கிடங்கில் மெஷின் பழுது பார்ப்பவனை அங்கே புதுக் கிளைக்கு மேற்பார்வையாளராகக் கூப்பிடுகிறார்கள், ஒரு விரல். மகளுக்கு இன்னொரு மொழி வரும், ஒரு விரல். தங்க வீடு அவர்களே தருகிறார்கள், ஒரு விரல். இடது கையில் அவன் தாயார் இங்கே தம்பி வீட்டில் இருப்பது ஒரு விரல், மகள் பள்ளி மாறுவது ஒரு விரல். இவள் வேலைக்குச் சுண்டுவிரல். அதையும் முழுசாக மடக்க மாட்டான். பாதி மடக்கி, "இதுக்கு ஏதாவது வழி பண்ணலாம்" என்று விட்டுவிடுவான். விரல் தானாக நிமிர்ந்துகொள்ளும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, கண்ணியமாக, நியாயஸ்தன் முன்னால் உட்காருவதுபோல!

அவளும் சும்மா இருக்கவில்லை. சூப்பர்வைசரிடம் போய், அந்த மாநிலத்துக்கு மாற்றல் கிடைக்குமா என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். "எங்க வலிக்குதுன்னு எந்தப் பாஷையில கேப்பீங்க?" அன்றைக்குப் பேருந்தில் வரும்போது அழுதாள். பிறகு தானே சமாதானமும் செய்துகொண்டாள். ஒருநாள் குளியலறைக்குள்ளிருந்து கணவனின் குரல் கேட்டது. போனைப் பார்த்து அந்த மொழியைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். தண்ணீர் வேண்டும், இடது பக்கம் திரும்புங்கள், இதன் பெயர் என்ன? பள்ளிப் பையன் போல ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து அடுத்தவன் கீழேயே வேலை பார்த்தவன். ஒரு முறையாவது அவனுக்கென்று ஒன்று வரட்டுமே என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. போகலாம் என்று முந்தாநாள்தான் முடிவு செய்தாள். இன்றைக்குச் சாயங்காலம் அவன் விரலை மடக்க ஆரம்பிக்கும்போது, கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "சரி, போலாம்" என்று சொல்வதாக இருந்தாள். அப்போது அவன் முகம் எப்படி மாறும் என்றுகூட நினைத்துப் பார்த்து வைத்திருந்தாள்.

அதுதான் தாங்க முடியவில்லை. அவனுக்குக் கொடுப்பதற்கென்று எடுத்து வைத்திருந்ததை, அவன் அவளுக்குத் தெரியாமல் போன வாரமே எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தான்.

போன் செய்தாள். "வேலையில இருக்கேன், சாயங்காலம் பேசலாம்" என்று வைத்துவிட்டான். பேசலாமாம்! சட்டையைப் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினாள். கட்டுப்பாட்டு அறைக்குப் போகிற வழியில்தான் கிடங்கு. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அங்கே இறங்கியதில்லை. இன்றைக்கு இறங்கினாள்.

வாசலில் தொங்கிய கனமான பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனதும் குளிர் முகத்தில் அறைந்தது. கூரை வரைக்கும் பழப்பெட்டிகள். தடித்த கோட்டும் குல்லாவுமாக ஆட்கள் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டிருந்தார்கள். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. வீட்டுக்கு வந்து பழகிய ஒருவன் அவளை அடையாளம் கண்டுகொண்டு வண்டியை நிறுத்தினான்.

"அண்ணி! வாங்க வாங்க. அண்ணன் மட்டும்தான் சாக்லேட் குடுத்தாரு, உங்க பங்கு எங்க?"

"எப்ப குடுத்தாரு?"

"ரெண்டு வாரம் இருக்குமே. மாத்தல் ஆர்டர் வந்த அன்னிக்கே. எங்களை எல்லாம் விட்டுட்டு ஜாலியா கிளம்புறீங்க, இல்ல?"

ரெண்டு வாரம். வீட்டுக்கார அம்மாவுக்கு முன்னால் தள்ளுவண்டிக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "எங்க அவரு?" என்றாள். கடைசியில் இருந்த மெஷின் அறையைக் காட்டினான்.

அறைக்குள் இரண்டு கம்ப்ரஸர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் அவள் வந்து நின்றதே அவனுக்குத் தெரியவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் சீருடையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். புரிந்துவிட்டது அவனுக்கு.

"இங்க எதுக்கு வந்தே?"

"வீடு பாக்க ஆள் வந்துச்சு!"

"என்ன?"

"வீடு! பாக்க! ஆள் வந்துச்சு!"

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவள் காதருகே குனிந்தான். "சாயங்காலம் சொல்லலாம்னுதான் இருந்தேன். அவங்க உடனே பதில் கேட்டாங்க. நீ எப்படியும் சரின்னுதானே சொல்லுவே?"

அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். சொல்லியிருப்பாள். அவன் சொல்வது உண்மை. அந்த உண்மைதான் அவளை இன்னும் எரித்தது.

"அப்ப எதுக்குத் தினமும் உக்காந்து விரல மடக்கினீங்க?"

"உனக்கு ஒரு திருப்தியா இருக்கட்டுமேன்னு!"

அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மனைவிக்கு நல்லதைத்தான் செய்ததாக அவன் உண்மையாகவே நம்பினான். அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. இத்தனை வருஷமாக நீங்க, வாங்க என்று கூப்பிட்ட நாக்கு தடம் புரண்டது.

"நீ போ! உன் வேலையும் நீயும்! என்னை மூட்டையா கட்டி வண்டியில ஏத்தலாம்னு பாத்தியா நீ? நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

பாதியில் கம்ப்ரஸர்கள் இரண்டும் தாமாக நின்றன. போதுமான குளிர் வந்ததும் அப்படி நிற்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும். கடைசி வார்த்தை கிடங்கு முழுக்கக் கேட்டது. தள்ளுவண்டிகள் நின்றன. அவன் மெதுவாக, "எல்லாரும் பாக்குறாங்க" என்றான்.

"பாக்கட்டும். சாக்லேட் தின்னவங்கதானே."

கட்டுப்பாட்டு அறைக்குப் போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பக்கத்து இருக்கையில் இருக்கும் சுருட்டை, தலைமுடியால் அந்தப் பெயர் அவளுக்கு, "உடம்பு சரியில்லையா?" என்று சைகையில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டுவதற்குள் அழைப்பு விளக்கு எரிந்தது.

"ஆம்புலன்ஸ். எங்க இருக்கீங்க, சொல்லுங்க."

ஓர் ஆணின் குரல் முகவரி சொன்னது. அவசரமே இல்லாத குரல். "வைஃபுக்கு லேசா தலைசுத்தல். பெருசா ஒண்ணும் இல்ல. எங்கம்மா போன் பண்ணுன்னு சொன்னாங்க, அதான்."

"எங்கயாவது வலி இருக்கா?"

"வலியெல்லாம் இல்லைங்க. சரியா சாப்பிட மாட்டா. அதுதான்."

அவன் குரலுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு பெண்குரல் என்னவோ சொல்வது கேட்டது. நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு.

"பின்னால பேசுறது அவங்களா?"

"அவதான். எப்பவும் எதையாவது சொல்லிட்டே இருப்பா. அதை விடுங்க, நீங்க..."

"போனை அவங்ககிட்ட குடுங்க."

"நான்தான் சொல்றேனேங்க. எனக்குத் தெரியாதா அவளைப் பத்தி?"

"போனை அவங்ககிட்ட குடுங்க!"

அறையே திரும்பிப் பார்த்தது. அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. பிறகு ஏதோ உரசும் சத்தம், அதன்பின் மூச்சுச் சத்தம்.

"நான் கேக்குறேம்மா. நீங்க சொல்லுங்க, உங்களுக்கு என்ன செய்யுது?"

"இடது கை மரத்துப்போச்சுங்க. காலைலேருந்து. நெஞ்சுல கல்லை வெச்ச மாதிரி இருக்கு. சொல்லிட்டேதாங்க இருக்கேன்."

ஒரு கையால் கணினியில் தட்டி வண்டியை அனுப்பிவிட்டு, வண்டி வாசலில் வந்து நிற்கும் வரைக்கும் அந்தப் பெண்ணைப் பேச வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இணைப்பு அறுந்தது. அனுப்பி வைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற செய்தி அந்த அறைக்குத் திரும்பி வருவதில்லை. சூப்பர்வைசர் அருகில் வந்து நின்றார்.

"கூப்பிடுறவங்ககிட்டக் கத்தக் கூடாது. பதிவாகியிருக்கும். மேல கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். என்கிட்டயே கேக்கட்டும்."

அன்று மாலை வீட்டில் யாரும் மேசையில் உட்காரவில்லை. கணவன் கூடத்தில் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள், வீட்டில் இன்னும் பாப்பாதான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள் அம்மா.

பாப்பா தரையைப் பார்த்தாள். "அப்பா சொல்ல வேணாம்னாரு. உனக்கு சர்ப்ரைஸாம்."

"சர்ப்ரைஸ்!" பாத்திரத்தைக் கழுவுதொட்டியில் போட்ட வேகத்தில் தண்ணீர் சட்டையெல்லாம் தெறித்தது. "நீயும் சேந்துக்கிட்ட, இல்ல? போகணும்னு அவ்வளவு ஆசையா?"

"நான் எங்க ஆசைன்னு சொன்னேன்?" பாப்பாவின் குரல் உடைந்தது. "ரெண்டு பேரும் தினமும் என் ஸ்கூலைப் பத்திப் பேசுறீங்க. என்னை ஒரு தடவை கேட்டீங்களா? நீயும்தாம்மா கேக்கல."

அவள் ஈரக்கையோடு நின்றாள். மூன்று வாரம் அந்த மேசையின் ஓரத்தில் இந்தப் பெண் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் யாரோ மடக்கிய ஒரு விரல்தான். கோபம் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் இதுவரை ஒரே பக்கமாக எரிந்தது, இப்போது இவள் பக்கமும் திரும்பிச் சுட்டது.

"சரி, இப்ப கேக்குறேன். சொல்லு."

"தெரியல," என்றாள் பாப்பா. "யோசிக்கணும்."

"யோசி. எவ்வளவு நாள் வேணும்னாலும் யோசி."

மறுநாள் காலை மாடிப்படி ஏறிப் போய், வீட்டைக் காலி பண்ணவில்லை என்று சொன்னாள். வீட்டுக்கார அம்மா, அந்தப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று புலம்பினார். "வாக்கு குடுத்தது நீங்களும் அவரும்தான். நான் இல்லையே" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். கணவன் இரண்டு நாள் பேசாமல் இருந்தான். மூன்றாம் நாள், "அப்ப நான் மட்டும் போகட்டுமா?" என்றான். மிரட்டுவதுபோல ஆரம்பித்த வாக்கியம், முடியும்போது அப்படி இல்லை. "போங்க," என்றாள். நீங்க திரும்பி வந்திருந்தது. ஆனால் பழைய நீங்க இல்லை அது. புதிதாய் அறிமுகமான ஒருவரிடம் பேசுவதுபோல இருந்தது. "நாங்க வர்றோமா இல்லையான்னு நாங்க சொல்றோம்."

அவன் கிளம்பிய நாளில் அவளும் பாப்பாவும் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனார்கள். நல்ல வெயில். திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்த ஏசி ரயில்பெட்டி. அவன் உள்ளே போய் உட்கார்ந்து, முழங்கையால் கண்ணாடியைத் துடைத்தான். அழுக்கு வெளிப்பக்கம் இருந்தது, துடைத்தும் போகவில்லை. அவர்களைப் பார்த்து என்னவோ சொன்னான். கேட்கவில்லை. மறுபடி சொன்னான். இந்த முறை புருவம் உயர்ந்தது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது. சொல்லி முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி இருந்தான்.

"என்னம்மா சொல்றாரு?"

"சொல்லல. என்னமோ கேக்குறாரு."

"என்ன கேக்குறாரு?"

அவள் கண்ணாடியை நெருங்கிப் போனாள். வண்டி ஒரு முறை குலுங்கி நகர ஆரம்பித்தது. அவன் எழுந்து நின்றான். நடைமேடையின் தூண்களும், மூட்டை தூக்கிப் போகிறவர்களும், பாப்பாவின் மஞ்சள் சட்டையும் கண்ணாடியில் அவன் முகத்தின்மேல் ஒவ்வொன்றாய் ஓடிக் கடந்தன. அவற்றுக்கெல்லாம் பின்னால், புருவத்தை இறக்காமல், அவன் இன்னும் அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.