அம்மா வைத்த நேர்த்தி

முதலில் டெங்குக் காய்ச்சல் வந்தது. அது மாறி வீட்டுக்கு வந்த பிறகும் நெஞ்சு படபடத்ததால் அம்மா என்னை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காய்ச்சலின் விளைவாக இதயத் தசையில் அழற்சி என்றார் வைத்தியர்.

"ஓட்டத்தை நிப்பாட்டவேணும். மூச்சு வாங்கிற ஒரு வேலையும் வேண்டாம். மெதுவா நடக்கலாம். நவம்பரிலை திரும்ப ஸ்கான் எடுத்துப் பாப்பம்."

"பிறகு ஓடலாமோ, டொக்டர்?"

"நல்லா வந்தால் ஓடலாம்."

அந்தக் கடைசி வசனத்தை நான் மட்டும்தான் கேட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா கேட்டது முதல் வசனத்தை.

எங்கள் ஊரான தொண்டைமானாற்றில் பெண்கள் ஓடுவதில்லை. நான் ஓடுவேன். விடியற்காலையில் பாலத்தடியில் தொடங்கி, கடலோர வீதியால் வல்வெட்டித்துறைப் பக்கம் போய்த் திரும்பி, குளித்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கக் கந்தோருக்கு வேலைக்குப் போவேன். அதைப்பற்றிக் கதைத்துக் கதைத்து ஊரின் வாய் ஓய்ந்திருந்தது. நெஞ்சு வருத்தம் வந்ததும் அந்த வாய்க்கு மறுபடி வேலை வந்தது. பார்க்க வந்தவர்கள் தோடம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு ஒரே பாடத்தைத்தான் ஒப்பித்தார்கள். என்னைக் கடித்த நுளம்பை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஓடினதால்தான் வந்ததாம்.

"பொம்பிளையின்ரை நெஞ்சு உந்த ஓட்டத்துக்குச் செய்ததில்லை, சுபாஜினி" என்றார் பத்மாசினிப் பெரியம்மா. அம்மாவின் தமக்கை.

"நுளம்புக்குச் செய்ததோ, பெரியம்மா?"

"உவளின்ரை வாய்க்கு ஒரு வருத்தமும் வரேல்லை."

அம்மா நான் ஓடப் போடும் சப்பாத்துகளைக் கழுவிக் காயவைத்துப் பையில் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்தார். ஆருக்காவது குடுக்கலாம் என்றார். நான் இறக்கி, வழக்கமான இடத்தில், வாசலில் வைத்தேன். மறுநாள் அவை மறுபடி மேலே இருந்தன. நான் மறுபடி இறக்கினேன்.

நேர்த்திக் கதை அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா எங்கள் ஊர்ச் சந்நிதிக் கோயில் முருகனிடம் வேண்டியிருக்கிறார். மகள் தப்பினால் தேர்த் திருவிழாவன்று அடியழிப்பாள் என்று. ஆண்கள் மணலில் உருண்டு பிரதட்டை பண்ண, பெண்கள் பின்னால் விழுந்து கும்பிட்டு, எழுந்து, ஓரடி வைத்து, மறுபடி விழுந்து, அப்படியே கோயிலைச் சுற்றி வருவதுதான் அடியழித்தல். அதுவும் ஆவணி வெயிலில்.

"அம்மா, மூச்சு வாங்கிற வேலை வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவ."

"இது வேலையே? சாமி காரியம்."

"விழுந்தெழும்பப் போறது நானோ, சாமியோ?"

"உப்பிடிக் கதைக்காதை. முருகனுக்குச் செய்யேக்கை நெஞ்சுக்கு ஒண்டும் வராது."

"அப்ப முருகா முருகா எண்டு சொல்லிக்கொண்டு ஓடினாலும் ஒண்டும் வராது. சப்பாத்தைத் தாங்கோ. இப்பவே வெளிக்கிடுறன்."

பக்கத்தில் இருந்த பெரியம்மா அம்மாவை முந்திக்கொண்டார்.

"அடியை அழிக்கட்டும். அதோடை ஓட்டத்தையும் முருகனிட்டை விட்டிட்டு வரட்டும்."

"நவம்பர் வரைக்கும் ஓடமாட்டன்" என்றேன். "அடியழிக்கவும் மாட்டன். ரெண்டும் ஒரே டொக்டர் சொன்னதுதான். அதுக்குப் பிறகு நான் ஓடுறதோ இல்லையோ எண்டதை நேர்த்தி வைச்சு ஒருத்தரும் முடிவெடுக்கேலாது."

ஓடாத உடம்பு இரவல் வாங்கியதுபோல இருந்தது. விடிய முன்னமே கால்கள் விழித்துக்கொண்டு கிடந்தன. நவம்பரில் இல்லையென்று சொல்லிவிட்டால் என்ற பயம் எனக்கும்தான் இருந்தது. அதைப் பெரியம்மாவுக்குக் காட்ட மனமில்லை.

தேரன்று காலை அம்மா தலைக்குத் தோய்ந்து, ஈரச் சேலையோடு வந்து நின்றார்.

"நேர்த்தி வைச்சது நான். நானே செய்யிறன்."

கோயில் வீதியில் அம்மா விழுந்து விழுந்து எழும்ப, நான் குடையும் தண்ணீர்ப் போத்தலுமாகப் பக்கத்தில் மெதுவாக நடந்தேன். கோயிலைச் சுற்றியுள்ள நாலு வீதியில் முதல் வீதி சுகமாகப் போனது. இரண்டாம் வீதி முடியும் முன் அம்மாவின் வாய் காய்ந்து, மூச்சு இரைந்தது. பெரியம்மா ஓடிவந்தார்.

"காணும், ஞானம். இந்த வயசிலை உனக்கு ஏலாது. எழும்பி வா."

மணலில் கிடந்தபடியே அம்மா தலையைத் திருப்பினார். நெற்றி முழுக்க மணல்.

"எனக்கு ஏலுமோ ஏலாதோ எண்டு உங்களுக்கு எப்பிடியக்கா தெரியும்?"

பெரியம்மா என்னைப் பார்த்தார், தடுக்கச் சொல்லி. நான் குனிந்து அம்மாவுக்குக் குடையைப் பிடித்தேன்.

"மூக்காலை எடுங்கோ, அம்மா. எழும்பேக்கை வாயாலை விடுங்கோ. களைச்சால் நிண்டு போவம். ஒருத்தரும் துரத்தேல்லை."

அம்மா அப்படியே செய்தார். இரண்டு தரம் நிழலில் இருந்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி இறங்கினார். கோபுர வாசலுக்கு வந்து கும்பிட்டு எழுந்து உட்கார்ந்தபோது முகம் சிவந்து, வேர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த முகத்தில் களைப்பை விட வேறொன்று கூடுதலாக இருந்தது.

"ஓடி முடிய உனக்கும் இப்பிடியே இருக்கிறது?" என்று கேட்டார்.

"ஓம்."

அம்மா கொஞ்ச நேரம் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா வந்து அவருக்குத் திருநீறு பூசிவிட்டார். "நேர்த்தி முடிஞ்சுது. இனி ஓட்டம் கீட்டம் வேண்டாமெண்டு சந்நிதியிலை வைச்சே உவளுக்கு ஒரு சொல்லுச் சொல்லு, ஞானம்."

அம்மா என் கையைப் பிடித்து எழுந்தார்.

"அது நவம்பரிலை டொக்டர் சொல்லுவா. நீங்கள் சொல்ல வேண்டாம், அக்கா" என்றார். "நானும் சொல்லமாட்டன்."