வெர்னன் ப்ளெட்ஸோவின் சட்டைகள்

வெர்னன் ப்ளெட்ஸோவின் சட்டைகள் ஏப்ரல் மாதத்தில் தாமாகவே நிறம் மாறும். அடுத்து எந்தக் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு அவர் துணைப் பயிற்சியாளராகப் போகப்போகிறாரோ, அந்தக் கல்லூரியின் நிறத்துக்கு மாறும். அலமாரியில் மடித்து வைத்தது வைத்தபடி, ஓர் இரவுக்குள், காலர் முதல் பொத்தான் வரைக்கும். காலுறைகள் மட்டும் மாறாது, ஏனென்று யாருக்கும் தெரியாது. முதல் தடவை இது நடந்தபோது அவர் ஒஹையோவில் ஒரு சின்னக் கல்லூரியில், ஆட்டப் படங்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் கடைசிப் படி வேலையில் இருந்தார். கல்யாணம் ஆகி ஒரு வருடம்கூட முடியவில்லை. ஆரஞ்சுச் சட்டைகளெல்லாம் பச்சையாகிக் கிடந்ததைப் பார்த்த அவர் மனைவி ரோஸெட்டா, பழியைச் சலவைத்தூள் மேல் போட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். சண்டை முடிந்து வீடு திரும்புவதற்குள் தலைமைப் பயிற்சியாளரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். தலை போனால் துணைகளும் போகவேண்டும் என்பது இந்தத் தொழிலின் சட்டம். மறுநாள் காலை அயோவாவிலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே எல்லாமே பச்சை.

அதற்குப் பிறகு அயோவா, மொன்டானா, ஆர்கன்சா, மறுபடியும் ஒஹையோ என்று வாடகை லாரியிலேயே அவர்கள் இளமை கழிந்தது. கடைசித் துணை, இரண்டாம் துணை, மறுபடி கடைசித் துணை என்று ஏணியில் ஏறியும் இறங்கியும் வந்தார். ரோஸெட்டா எந்த வீட்டுச் சுவரிலும் ஆணி அடிக்கவில்லை, படங்களைத் தரையில் சாய்த்தே வைத்திருந்தார். தேசிய இறுதி ஆட்டம் நடக்கும் நகரத்தில் வருடாவருடம் பயிற்சியாளர்கள் எல்லாரும் கூடுவார்கள். வேலை போனவர்களும் போகப்போகிறவர்களும் பெரிய ஹோட்டலின் முன்கூடத்தில், யார் கண்ணிலாவது பட்டுவிடமாட்டோமா என்று காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருப்பார்கள். அங்கே வெர்னன் நுழைந்தால் முதலில் எல்லாரும் பார்ப்பது அவர் முகத்தை அல்ல, சட்டையை. எந்த நிறமோ அந்தக் கல்லூரியில் நாற்காலி ஆடுகிறது என்று அர்த்தம். ஒரு வருடம் அவர் அரக்கு நிறத்தில் வந்து நின்றபோது, அரக்கு நிறக் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர் காப்பியைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டார். "வெர்னன், உனக்குப் புண்ணியமாப் போகும், மேல ஒரு கோட்டப் போட்டுக்கய்யா," என்றார். "என் பொண்டாட்டி பாத்தா இங்கயே மயங்கி விழுந்துருவா." வெர்னனும் கோட்டைப் போட்டுக்கொண்டார். பத்து நாளில் அந்த மனிதருக்கு வேலை போய்விட்டது.

ஆனால் வெர்னனைப் போல வேலை செய்தவர் அந்தத் தொழிலில் குறைவு. இதை நான் முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பையன்களைத் தேடிப் போய்க் கல்லூரிக்குக் கூட்டிவருவதுதான் துணைப் பயிற்சியாளரின் பிழைப்பு. அதற்கு மாவு மூட்டை போல இறுகிக் கிடக்கும் அம்மாக்களின் மனதை இளக்கவேண்டும். வெர்னன் அவர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வைத்ததையெல்லாம் சாப்பிட்டு, பையன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான், கணக்கு வருகிறதா, அப்பா எப்போதாவது கூப்பிடுகிறாரா என்று கேட்பார். பந்தைப் பற்றிப் பேச்சே வராது. எழுந்து போகும்போது ஒரே ஒரு வாக்கு கொடுப்பார்: பையன் பட்டம் வாங்கும்வரை நான் அங்கேயே இருப்பேன். எல்லாத் துணைகளும் இந்த வாக்கைக் கொடுப்பார்கள், கொடுக்கிறபோது மனதாரத்தான் கொடுப்பார்கள். ஏப்ரல் வந்தால் காற்றில் போய்விடும். வெர்னன் எட்டு ஊர்களில் இதைச் சொல்லி எட்டு ஊர்களையும் விட்டுப் போனவர். ஒவ்வொரு தடவையும் லாரி வழியில் நிற்கும் இடத்தில் இறங்கி, ஒவ்வொரு அம்மாவையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பாராம். சிலர் மன்னித்தார்கள், சிலர் பேசி முடிப்பதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

இந்தியானாவில் ஆற்றோரத்தில் இருக்கும் எங்கள் கார்வர்ஸ்பர்க்குக்கு அவர் வந்தது ஊதாச் சட்டையில். எங்கள் கல்லூரி நிறம் ஊதா. வயதான ஆரின் ஹால்டமன் அப்போது தலைமைப் பயிற்சியாளர், அவரை அசைக்க ஆளில்லை. ஏப்ரல்கள் வந்தன, போயின, சட்டைகள் ஊதாவாகவே இருந்தன. ஏழாம் வருடம் ரோஸெட்டா சுத்தியல் வாங்கிவந்து சுவரில் ஆணி அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு வெளியே வந்து, விஷயம் தெரிந்ததும் கை தட்டினார்கள்.

அந்த வருடம்தான் வெர்னன், கேரி நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஈனெஸ் ஃபுல்லர் என்ற அம்மாவின் வீட்டுக்கு, அவர் மகன் லாமான்டைக் கேட்டுப் போனார். வழக்கமான வாக்கை ஆரம்பித்ததுமே அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதே வார்த்தைய இந்த மாசம் நாலு கோச்சு சொல்லிட்டுப் போயிருக்காங்க. நாலு பேரும் என் வறுத்த மீன ஒரு வெட்டு வெட்டிட்டுத்தான் போனாங்க."

"நானும் எட்டுத் தடவ சொல்லிட்டு எட்டுத் தடவயும் போனவன்தான், மிஸ் ஃபுல்லர்."

"நெசத்தச் சொன்ன மொத ஆளு நீங்கதான்," என்று அந்த அம்மா இன்னொரு துண்டு மீன் வைத்தார். "இந்தத் தடவ என்ன புதுசா?"

"ஒண்ணும் புதுசு இல்ல. இந்தத் தடவ இருக்கணும்னு ஆசப்படுறேன்."

லாமான்ட் எங்கள் ஊருக்கு வந்தான். இரண்டு வருடம் கழித்து ஹால்டமன் ஓய்வு பெறப்போவதாகச் சொன்னார். அந்த நாற்காலி வெர்னனுக்குத்தான் என்று தபால்காரர் முதல் பாதிரியார் வரை பேசிக்கொண்டோம். அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது, சொந்தமாக ஓர் அணி என்பது அதுவரை அவருக்குக் கிடைக்காத ஒன்று. ஏப்ரலில் சட்டைகள் சிவப்பாயின.

சிவப்பு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கியில் இருக்கும் டன்மோர் கல்லூரியின் நிறம். டன்மோர் என்றால் எங்களுக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: எங்கள் ஊர்த் தீயணைப்பு வண்டிக்கு மஞ்சள் வண்ணம் அடித்து வைத்திருந்தோம். வெர்னன் சிவப்புச் சட்டையோடு நேர்காணலுக்குப் போனார், மறைக்கவில்லை. கல்லூரிக்காரர்களுக்கு வியர்த்துவிட்டது. வெளியூர் இளைஞர் ஒருவரைத் தலைமைக்கு எடுத்துக்கொண்டு, வெர்னன் விரும்பினால் துணையாகத் தொடரலாம் என்று தயவு காட்டினார்கள். அன்று சாயங்காலமே டன்மோரிலிருந்து கூப்பிட்டார்கள், தலைமைப் பயிற்சியாளராக வரச்சொல்லி.

"போலாம் வெர்னன்," என்றார் ரோஸெட்டா. "இத்தன வருசம் லாரி ஏறினது எதுக்கு? இதுக்குத்தான?"

"லாமான்டுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. அவங்கம்மாகிட்ட சொல்லியிருக்கேன்."

"எல்லா அம்மாகிட்டயும்தான் சொன்ன."

"அதான்."

ரோஸெட்டா நெடுநேரம் சுவரில் மாட்டிய படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "சரி, அவங்களுக்கு வேணாம்னு சொல்லிரு. உனக்குக் கிறுக்குன்னு எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும்," என்றார்.

மனிதர் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டது சட்டைகளுக்குப் புரியவில்லை. அவை சிவப்பிலேயே நின்றன. கடையில் புதிதாக வாங்கிய ஊதாச் சட்டையும் அவர் கடைசிப் பொத்தானைப் போடும்போது சிவந்துவிட்டது. ஆகவே தன் வயதில் பாதிகூட ஆகாத தலைமைக்குப் பக்கத்தில், எங்கள் ஊதாப் பெஞ்சில், டன்மோர் சிவப்பில் வெர்னன் உட்கார்ந்தார். எங்கள் ஊர் வாய் சும்மா இருக்குமா? "வழி தப்பிட்டீங்களா வெர்னன்? பாலம் அந்தாண்ட இருக்கு," என்று ஒருவன் கத்த, அரங்கமே ஊளையிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் லாமான்டுக்கு இடது கையால் பந்து போடும் பயிற்சி, மாலையில் தன் வீட்டு மேசையில் கணக்குப் பாடம் என்று தன் பாட்டுக்கு இருந்தார்.

ஜனவரியில் ஈனெஸ் ஃபுல்லர் மகன் ஆடுவதைப் பார்க்க வந்தார். ஊளைச் சத்தம் கேட்டதும் எழுந்து, பின்வரிசைக்காரர்கள் பக்கம் திரும்பினார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவரின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"அந்தாளு ஏன் அந்தக் கலர்ல உக்காந்திருக்காருன்னு தெரியுமா? அக்கரையில ராஜா மாதிரி உக்கார வான்னு கூப்பிட்டாங்க. எம்மவன் படிப்பு முடியலன்னு போகல. உங்க ஊருப் பையனுக்கு யாராச்சும் இப்படிச் செஞ்சிருக்காங்களா? செஞ்சிருந்தா கத்துங்க, கேப்போம்."

யாரும் கத்தவில்லை. அடுத்த ஆட்டத்திலும் கத்தவில்லை. வெட்கம் என்று ஒன்று எங்களுக்கும் இருந்தது.

அடுத்த வருடம் மே மாதம் லாமான்ட் பட்டம் வாங்கினான். மேடையிலிருந்து இறங்கி முதலில் அம்மாவிடம் போனான், பிறகு வெர்னனிடம். அதே மாதம் இளம் தலைமைப் பயிற்சியாளர் பெரிய கல்லூரி கூப்பிட்டது என்று இளைஞர்கள் போகிற மாதிரிப் போய்விட்டார். இந்தத் தடவை கல்லூரி வெர்னனைத் தவிர வேறு யாரையும் யோசிக்கவில்லை. ஒரே ஓர் இடைஞ்சல்: தலைமைப் பயிற்சியாளர் எதிராளி நிறத்தில் நிற்கமுடியாது. நிர்வாகக் குழு ஊரைக் கூட்டியது. சாயம் போடலாம், மேலே அங்கி மாட்டலாம் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் தீயணைப்புத் தலைவர் எழுந்தார். "அவரு சட்டை நம்ம பேச்சக் கேக்காது. நாம கேப்போம்ல? நம்மள மாத்திக்க வேண்டியதுதான். எனக்கும் அந்த மஞ்சள் வண்டி சலிச்சுப்போச்சு," என்றார்.

ஓட்டெடுப்பில் மறுத்தவர்கள் சொற்பம். கோடை முடிவதற்குள் அரங்கத்தின் தரை, தண்ணீர்த் தொட்டி, பதாகைகள் எல்லாம் சிவப்பாயின. டன்மோர்க்காரர்கள் நிறத்தைத் திருடிவிட்டதாகக் கோபப்பட்டார்கள். எங்களுக்கு வேறு வழி இல்லை என்று பதில் சொன்னோம், அது உண்மைதான். இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊதா என்றால் கத்தரிக்காய்தான் ஞாபகம் வரும்.

நவம்பரில் முதல் ஆட்டம். ஆட்டம் நடக்கும்போது தலைமைப் பயிற்சியாளர் ஒருவர்தான் எழுந்து நிற்கலாம், துணைகள் உட்கார்ந்தே இருக்கவேண்டும், எழுந்தால் நடுவர் கண்டிப்பார். எங்கள் பையன் ஒருவன் பந்தைத் தவறவிட்டதும் வெர்னன் பாதி எழுந்தார், நடுவரைப் பார்த்தார், சட்டென்று உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை நடுவர் அவர் பக்கமாக ஓடும்போது வேகத்தைக் குறைத்தார். "நிக்கலாம் கோச்," என்றார் மெதுவாக. "இனிமே நீங்க நிக்கலாம்." வெர்னன் எழுந்து நின்றார். ரோஸெட்டா அழுதார், நாங்களும்தான். அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். அவர் கடைசிவரை உட்காரவில்லை.