காலிக் குப்பிகள்

மருந்துச் சன்னலில் இன்ஷிராவின் முறை வந்தது. உள்ளே இருந்தவன் கையை நீட்டினான்.

"மார்ஃபின் காலிக் குப்பி?"

"இல்லைங்க."

"காலி வந்தாத்தான் புதுசு. வெளிய வித்துட்டோம்னு எங்களைப் புடிப்பாங்க. உடைஞ்ச சில்லா இருந்தாலும் கொண்டாம்மா."

அவளுக்குத் தெரியாததல்ல. படுக்கையில் கிடக்கும் கணவன் அவாதுக்கு வலி ஊசி போட வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்த செவிலி தஹானி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். காலிகளை இன்ஷிரா பால்மாவு டப்பாவில் சேர்த்துத்தான் வைத்திருந்தாள். ஆனால் மகளுக்கு நிச்சயமாகியிருக்கும் மாப்பிள்ளையின் தாய் ஸனிய்யா நோயாளியைப் பார்க்க இன்று வருகிறாள். போதை மருந்து புழங்குகிற வீடு என்று அவள் வாயில் ஒரு சொல் வந்தால் தீர்ந்தது. காலையில் டப்பாவைக் குப்பைப் பையில் கவிழ்த்து வாசலில் வைத்துவிட்டாள்.

டிராமில் திரும்பினாள். கப்பல் பட்டறையில் ஆயுசு பூராவும் துருச் சுரண்டிய அவாத், தலையணை நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

"கெடச்சுதா?"

"இதோ வாங்கிட்டு வந்துடறேன்."

குப்பை வண்டி இன்னும் தெருமுனையில்தான் நின்றது. குப்பை அள்ளும் இஸ்கந்தர் வண்டிக் கழுதையை ஓரங்கட்டிவிட்டுப் பைகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவள் தன் பையை இழுத்துத் தரையில் கொட்டினாள்.

"என்ன சம்பந்தியம்மா, குப்பையில கைய விட்டுட்டு?"

ஆரஞ்சுப் பழப் பையோடு ஸனிய்யா நின்றிருந்தாள்.

"மோதிரம் விழுந்துருச்சு."

ஸனிய்யா பையைக் கீழே வைத்து அங்கியின் கையை மடித்துவிட்டாள். அவள் குரல் கொடுத்ததும் மாடிப் பெண்கள் இறங்கி வந்தார்கள்.

"அவாத் வாங்கித் தந்ததா? அந்தக் கஞ்சனா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பீன்ஸ் தோலுக்கும் அழுக்குப் பஞ்சுக்கும் நடுவே தங்கத்தைத் தேடினார்கள். இன்ஷிரா குப்பிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கைக்குள் வாரிக்கொண்டாள். கண்ணாடி கிழித்தது.

மோதிரம் கிடைக்கவில்லை. ஸனிய்யா நிமிர்ந்து இஸ்கந்தரைப் பார்த்தாள்.

"இவன் கை படாம எங்க போயிருக்கும்?"

"நான் இப்பத்தான் பையையே எடுத்தேன். அக்கா, நீங்களே சொல்லுங்க," என்று இன்ஷிராவைப் பார்த்தான்.

இன்ஷிரா மூடிய கையைக் கறுப்பு அங்கிக்குள் இழுத்துக்கொண்டாள். மேலே சன்னலிலிருந்து அவாத் அவள் பெயரைச் சொல்லி முனகுவது கேட்டது.

இஸ்கந்தர் சட்டைப்பைகளை வெளியே இழுத்துக் காட்டினான். ஒரு ரொட்டித் துண்டும் தீப்பெட்டியும் விழுந்தன.

"பூட்ஸையும் கழட்டு," என்றாள் ஸனிய்யா.

அவன் இன்ஷிராவை இன்னொரு முறை பார்த்தான். பிறகு கழுதையின் காலடியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.