இரண்டாம் வரிசை நடுக்கதிரை

கமலினி அன்று காலை எழும்பியதே பாடிக்கொண்டுதான். குசினியில் தேநீர் கொதிக்கும்போது ஒரு பாட்டு, சேலைக்கு மடிப்புப் பிடிக்கும்போது இன்னொரு பாட்டு. "கச்சேரி வீட்டிலேயே நடக்குது, பிறகேன் டிக்கெற் எடுத்தனாங்கள்?" என்று கணவர் கணேசலிங்கம் கேட்டார். அவள் காதில் அது ஏறவில்லை. பாடகர் திருவேங்கடம் மெல்பர்னுக்கு வந்திருக்கிறார். அவர்கள் வீடு இருக்கும் கிரான்பர்னிலிருந்து காரில் அரைமணி நேரத் தூரத்தில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், பழைய மாணவர் சங்கம் ஒன்றுக்காகப் பாடப்போகிறார். அப்படிப்பட்ட நாளில் மனுசன் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டிருக்க அவளுக்கு என்ன விசரா?

திருவேங்கடத்தின் பாட்டுகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அவள் உயிரை விட்டது ஒன்றுக்குத்தான். ஓடாத படம் ஒன்றில் வந்த மழைப் பாட்டு அது. படத்தை யாரும் பார்க்கவில்லை, பாட்டை யாரும் கேட்கவில்லை, கமலினி மட்டும் கேட்டாள். மெல்பர்னுக்கு வந்த புதிதில், முதியோர் இல்லச் சமையலறையில் விடியற்காலை வேலைக்குப் போகும்போது காரில் இருந்த ஒரேயொரு கசற்றில் அந்தப் பாட்டு இருந்தது. ஊரும் மொழியும் புரியாமல், வைப்பருக்குப் பின்னால் அழுதுகொண்டு ஓட்டிய நாட்கள் அவை. அந்தக் குரல் பக்கத்து இருக்கையில் இருந்து, பயப்படாதே, இந்தச் சிக்னலில் வலப்பக்கம் திரும்பு என்று சொல்வது போலிருக்கும். பிறகு காரின் பிளேயர் ஒருநாள் அந்த நாடாவைத் தின்றுவிட்டது.

அதை அவர் வாயால் ஒருமுறை நேரில் கேட்டுவிட வேண்டும். இதுதான் ஆசை. 2009இல் அவர் சிட்னிக்கு வந்தபோது பன்னிரண்டு மணித்தியாலம் காரில் போய், மேய்ஸ் ஹில் முருகனுக்கு அர்ச்சனையும் செய்துவிட்டுக் கச்சேரிக்குப் போய் உட்கார்ந்தாள். எழும்பி நின்று கத்தியும் கேட்டாள். அவளைச் சுற்றியிருந்த ஆயிரம் பேரும் வேறு பாட்டுகளுக்குக் கத்தினார்கள். முருகனுக்கும் கேட்கவில்லை, திருவேங்கடத்துக்கும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் போய்விட்டது. அவருக்கும் வயது எழுபதை நெருங்குகிறது. இனி ஒருதரம் இந்தப் பக்கம் வருவாரோ, யாருக்குத் தெரியும்?

ஆகவே மண்டபக் கதவு திறந்த உடனே உள்ளே போன முதல் ஆள் கமலினிதான். முதல் வரிசை அனுசரணையாளர்களுக்கும் டொக்டர்மாருக்கும். மற்றதெல்லாம் முந்தினவர்களுக்கு. இடம்பிடிப்பதில் நம்முடைய ஆட்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. இரண்டாம் வரிசையின் நடுவில் ஒரு கதிரைக்குச் சால்வை, அடுத்ததற்குக் குடை, அதற்கடுத்ததற்குக் கணேசலிங்கத்தின் குளிர்ச்சட்டை, கடைசியில் கைப்பை என்று நாலு கதிரைகளைச் சிறைபிடித்துவிட்டு, வாசலில் நிற்கும் சிநேகிதி புஸ்பராணியைக் கூட்டிவரப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால், சால்வை ஒழுங்காக மடிக்கப்பட்டுப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறது. சால்வை இருந்த நடுக்கதிரையில் ஓர் அம்மா. சாதாரணப் பருத்திச் சேலை, நரைத்த கொண்டை, மடியில் தண்ணீர்ப் போத்தல்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. இதில ஆக்கள் வருகினம்," என்றாள் கமலினி.

"அப்படியாம்மா? நடுவுல இந்த ஒரு சீட் மட்டும் எனக்குக் கிடைச்சா..."

"நாங்கள் வெள்ளனவே வந்து பிடிச்சதெல்லோ, அக்கா. அங்கால நிறைய இருக்கு."

அந்த அம்மா மேடையை ஒருதரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சிரித்து, எழும்பிப் போனார். வரிசையின் கடைசியில், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால்தான் அவருக்கு இடம் கிடைத்தது. கமலினிக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நடுக்கதிரையில் உட்கார்ந்து, மைக் நேரெதிரே இருப்பதைக் கண்டதும் பாவம் பறந்துவிட்டது.

கச்சேரி தொடங்கியது. திருவேங்கடம் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து கும்பிட்டார். மற்றப் பாடகர்களைப் போல அவர் முன்னால் பாட்டு வரிகள் வைத்த ஸ்ராண்ட் கிடையாது. தாளைப் பார்த்துப் பாடுகிறவன் பாடகனா என்று கேட்கிற மனிதர். அவருடைய ஞாபகசக்தியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதாத வருடமில்லை.

மூன்றாவது பாட்டில் அந்த அதிசயம் நடந்தது. இரண்டாவது சரணம் தொடங்க வேண்டிய இடத்தில் அவர் தொடங்கவில்லை. கீபோர்ட்காரர் இடையிசையை இன்னொரு சுற்று வாசித்தார். திருவேங்கடம் நேராகக் கமலினியைப் பார்த்தார். ஒரு கணம் திகைத்தது போலிருந்தது. பிறகும் அவளையே பார்த்தார். பாட்டு என்று வந்தால் கமலினியின் வாய் சும்மா இருக்காது. சத்தம் வராமல் உதடு அடுத்த வரியைப் பாடியது. அவரும் அந்த வரியை எடுத்துப் பாடினார்.

"அடியே, உன்னைப் பாத்துத்தான் பாடுறார்!" என்று புஸ்பராணி அவள் தொடையில் கிள்ளினாள்.

ஐந்தாவது பாட்டிலும் பார்த்தார். ஏழாவதில் இரண்டு தரம். கமலினிக்குக் கன்னம் சுட்டது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "ஏன் இந்த மனுசன் இஞ்சையே பாக்கிறார்?" என்று கணேசலிங்கம் முகத்தைச் சுளித்ததுகூட அவளுக்குப் பெருமையாக இருந்தது.

இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் எல்லோரும் ரோல்ஸும் தேநீரும் வாங்க வெளியே ஓடினார்கள். கமலினி எழும்ப முன்னம் ஓர் இளம்பெண் அவள் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க அம்மாவை இந்தச் சீட்லேர்ந்து எழுப்பினது நீங்கதானா? அப்பா அங்க என்ன பாடு படறார் தெரியுமா?"

"எந்த அப்பா?"

"ராதா, சும்மா இரு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதே பருத்திச் சேலை அம்மா. மேடைக்குப் பின்னால் போகும் கதவில் நின்ற சங்கத் தலைவர் அவரைக் கண்டு, "கிரிஜா அம்மா, ஐயா உங்களைத்தான் தேடுறார்," என்று கும்பிட்டார்.

திருவேங்கடத்தின் மனைவியையா கமலினி குடையையும் சால்வையையும் காட்டி எழுப்பிக் கலைத்தாள்!

கிரிஜா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "வெளியே சொல்லாதீங்க. அவருக்கு வரி மறந்து பல வருஷமாச்சு. எந்த ஊர்ல பாடினாலும் நான் ரெண்டாவது வரிசை நடுவுலதான் உக்காருவேன். முதல் வரிசைன்னா மேடை உயரம், என் வாய் அவருக்குத் தெரியாது. மறந்துபோனா என் உதட்டைப் பாத்துப் பாடிடுவார். இன்னிக்கு மூணாவது பாட்டுல என்னைக் காணாம அவர் நின்னப்ப, கச்சேரி அவ்வளவுதான்னு நினைச்சேன். ஆனா நீங்க எடுத்துக் குடுத்துட்டே இருந்தீங்க."

ஆக, அவர் பார்த்தது அவளை அல்ல, அவள் வாயை. புஸ்பராணி சிரிப்பை அடக்கச் சேலையைக் கடித்தாள்.

"ஐயோ அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வாங்கோ, இதில இருங்கோ," என்று கமலினி அந்தரப்பட்டு எழும்பினாள்.

"இருங்க, இருங்க. உங்களுக்கு எல்லாப் பாட்டும் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். ஆனால் எனக்கு அந்த மழைப் பாட்டுத்தான்..." கமலினி படத்தின் பெயரைச் சொன்னாள்.

கிரிஜாவின் முகம் மாறியது. "அந்தப் பாட்டா? அவருக்கு உசுரு அது. மேடையில பாடணும்னு எத்தனை தடவை கேட்டிருக்கார். மூணு சரணமும் ஒரே மாதிரி ஆரம்பிச்சு வேற வேற மாதிரி போகும். எனக்கு மனசுல நிக்கவே மாட்டேங்குது. நான் தப்பா எடுத்துக் குடுத்துடுவேனோன்னு பயந்துதான் அவர் பாடறதில்லை." கமலினியின் பக்கம் சாய்ந்தார். "உங்களுக்கு நிக்குதா?"

"ஓம்," என்றாள் கமலினி.

கிரிஜா மேடைக்குப் பின்னால் போய்விட்டு வந்து, புஸ்பராணி விலகிக்கொடுத்த பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். இரண்டாம் பாதி முழுவதும் கமலினி மழைப் பாட்டின் மூன்று சரணங்களையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் திருவேங்கடம் மைக்கைப் பிடித்து, "இதை நான் மேடையில பாடினதே இல்லை. கேட்டவங்களுக்காகப் பாடறேன்," என்றார். கேட்டது யார் என்று தெரியாமலே சனம் கைதட்டியது.

தபேலாவும் கீபோர்ட்டும் மட்டும் மெதுவாகத் தொடங்கின. திருவேங்கடத்தின் கண் வந்து கமலினியின் உதட்டில் நின்றது.

அவர் ஒரு வரியைப் பாடும்போது அவள் அடுத்த வரியில் நிற்க வேண்டும். முதல் சரணத்தின் சொல் மூன்றாவதில் போய் விழக்கூடாது. மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் அந்த மனிதரின் மானம் அவள் வாயில் இருந்தது. அழுகை தொண்டைவரை வந்தது. அழுதால் உதடு கோணும், கோணினால் அவருக்குச் சொல் தெரியாது. விழுங்கினாள். மூன்றாவது சரணத்தில் உதடு நடுங்கத் தொடங்கியபோது கிரிஜா அவள் கையை இறுக்கிப் பிடித்தார். அந்தப் பிடியில் பாட்டு முடிந்தது. திருவேங்கடம் இரண்டாம் வரிசையைப் பார்த்துத் தலை குனிந்து கும்பிட்டார்.

வெளியே வரும்போது வானம் இன்னும் முழுதாக இருளவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும்தான் கமலினி அழுதாள். கணேசலிங்கம் திறப்பைப் போட்டார், ஆனால் ஸ்ரார்ட் செய்யவில்லை.

"ஏனப்பா அழுறீர்? உம்மடை பாட்டைப் பாடினவர்தானே. நல்லாத்தானே பாடினவர்?"

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்றாள் அவள். "நான் கேக்கேல்லை. அடுத்த வரியை யோசிக்கிறதிலேயே போச்சுது. ஒரு வரிகூட என்ரை காதிலை விழேல்லை."

சொல்லிவிட்டுச் சிரிப்பும் வந்தது அவளுக்கு. அவர் சிரிக்கவில்லை.

"நான் கேட்டனான்," என்றார் கணேசலிங்கம். எந்தக் கச்சேரியிலும் பாதியில் நித்திரை கொள்ளுகிற மனிதர் அவர். "இவ்வளவு காலமும் இதுக்குத்தானே அலைஞ்சனீர் எண்டு, முழுக்கக் கேட்டனான். இரண்டாம் சரணத்திலை ஒரு இடத்திலை குரலை அப்பிடியே கீழை இறக்கினவர். பக்கத்திலை இருந்த சனம் மூச்சுக்கூட விடேல்லை."

கமலினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இரண்டாம் சரணம் பிறகு," என்றாள். "முதலிலை இருந்து சொல்லுங்கோ."